எலுமிச்சம்புல்லின் சாகுபடியும் கைமருந்துப் பிரயோஜனமும்

(நாஞ்சில் நாட்டு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

சென்ற சில மாதங்களாக நமது ஜில்லாவின் மலையடிவாரக் கிராமங்களுக்குச் சுற்றுப்பிரயாணம் செல்லும்போதெல்லாம் நிலச்சுவான்தார்கள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். அஃதாவது, எலுமிச்சம்புல்லைப் பயிரிடலாமா, பயிரிட்டால் அதனால் லாபம் உண்டா என்பதே. இக்கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு வார்த்தையில் விடை சொல்லிவிட்டுப் போவது இலாகா ஊழியனுக்கு எளிது; கேட்டவருக்கு அதனால் பயனில்லை. ஆகையால் இப்புல்லைப்பற்றி எனக்குத் தெரிந்தவற்றையும், என் கையால் நட்டு இழந்தும் தேறியும் கற்றவற்றையும் இங்கே எழுதலானேன்.

இக்கேள்வி இப்பொழுது எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2017ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலை இந்த ஜில்லாவில் மறந்தவர் எவரும் இரார். ஒரே பகலில் ரப்பர் மரங்கள் இடுப்பளவில் முறிந்தும், வாழைகள் தரையோடு சாய்ந்தும், தென்னைகள் தலை திருகப்பட்டும் கிடந்தன. பல சரிவுகளில் நிழலும் வேரும் ஒருங்கே போனபடியால், அடுத்து வந்த மழைகளில் மேல்மண் ஓடையில் இறங்கியது. ரப்பரை மீண்டும் நட்டால் பால் வெட்ட ஏறக்குறைய ஏழு வருஷம் காத்திருக்கவேண்டும். மரச்சீனி நட்டாலோ காட்டுப்பன்றி முந்திக்கொள்கிறது. இந்த நிலையில், மூன்று மாதத்தில் அறுப்புக்கு வரும் பயிர், ஆடுமாடு கடியாத பயிர், மண்ணைப் பிடித்து நிறுத்தும் பயிர் என்று ஒருவர் வந்து சொன்னால், யாருக்குத்தான் ஆசை வாராது?

சொன்னவை மூன்றும் உண்மையே. ஆனால் சொல்லாமல் விட்டவையும் சில உண்டு.

முதலில் எந்தப் புல் என்பது தெளிவாகவேண்டும். எலுமிச்சம்புல், வாசனைப்புல், கர்ப்பூரப்புல் என்று தமிழ்நாட்டின் பல பக்கங்களிலும் வழங்குவதையே நமது விளவங்கோடு, கல்குளம் பக்கத்தார் இஞ்சிப்புல் என்பர். இப்பெயரின்கீழ் இரண்டு வேறு புற்கள் நிற்கின்றன. ஒன்று, வீட்டுக் கிணற்றடியில் பருத்த தண்டும் அகன்ற இலையுமாய்க் குத்தாக வளர்வது, அபூர்வமாகவே பூக்கும், தாவர நூலார் இதனைச் சிம்போபோகன் சிட்ராட்டஸ் என்பர். கஷாயத்துக்கும் அடுக்களைக்கும் இதுவே உகந்தது. மலாய் நாட்டிலும் சயாமிலும் கறிக்கு இடும் தண்டும் இதுவே. மலேயாவிலிருந்து திரும்பிய நம்மவர் ‘செராய்’ என்று குறிப்பிடுவது இதனைத்தான். மற்றொன்று, நமது மேற்கு மலைத்தொடரின் திருநெல்வேலி, திருவிதாங்கூர்ப் பக்கத்துச் சரிவுகளில் தானே முளைத்து நிற்பது. ஆளுயரத்துக்கு மேலும் ஓங்கும். ஐப்பசி கார்த்திகையில் வளைந்து தொங்கும் பூங்கதிர் விடும். இதற்குச் சிம்போபோகன் பிளெக்ஸுவோஸஸ் என்று பெயர். எண்ணெய் வடிப்பதற்குரியது இதுவே. இந்த வாசனைப் புற்களெல்லாம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்ததை 1906ஆம் வருஷத்தில் கியூ தோட்டத்து ஆட்டோ ஸ்டாப் என்னும் வித்துவான் பிரித்துப் பெயர் வரையறுத்தார்.

மூன்றாவதாகச் சிட்ரொனெல்லாப் புல் என்று ஒன்று உண்டு. இலங்கையிலும் ஜாவாவிலும் பெயர்பெற்றது. கொசு விரட்டும் தைலத்துக்கும் சோப்புக்கும் ஆவது. தோற்றத்தில் முன்னவற்றை ஒத்திருப்பதால் கொத்து வாங்கும்போது ஏமாறுவது எளிது. இலையைக் கசக்கி முகர்வதே பரீட்சை. எலுமிச்சம்புல் எலுமிச்சம்பழத் தோல்போல் மணக்கும். மற்றதில் ஒருவகை ரோஜா வாசமும் காரநெடியும் கலந்திருக்கும். இரண்டையும் ஒருமுறை முகர்ந்தவருக்குப் பிறகு சந்தேகம் வாராது.

பழைய வியாபாரமும் அதன் வீழ்ச்சியும்

நமது ஜில்லா 1956ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணைவதற்கு முன் திருவிதாங்கூரின் தென்கோடியாக இருந்தது. அந்தத் திருவிதாங்கூரின் வடபாகத்தில் மூவாற்றுப்புழை, தொடுபுழை, பெரும்பாவூர் முதலிய மலைப்பக்கங்களில் இப்புல்லை வாலையிலிட்டு எண்ணெய் வடிப்பது பெருந்தொழிலாக இருந்தது. புல் தைலம் என்று அவர்கள் கூறியது கொச்சித் துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால், உலகச் சந்தையில் ‘கொச்சி எண்ணெய்’ என்றே பெயர் பெற்றது. இப்புல்லுக்கென்றே 1951ஆம் வருஷத்தில் பெரும்பாவூருக்கு அருகே ஓடக்காலியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டது. சுகந்தி, அல்லது ஓ.டி.19, என்னும் இனம் அங்கே தெரிந்தெடுக்கப்பட்டதே.

இந்த எண்ணெயை வெளிநாட்டார் விரும்பி வாங்கிய காரணம் அதிலுள்ள சிட்ரால் என்னும் சரக்கு. நல்ல எண்ணெயில் 100க்கு 75 முதல் 85 பங்குவரை சிட்ராலே. 1893ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் டீமன் என்பவர் சிட்ராலிலிருந்து அயோனோன் என்னும் பொருளைச் செய்துகாட்டினார். வயலட் பூவின் வாசம் அதற்கு உண்டு. வாசனைத் திரவியக்காரர் அதனை நாடினர். பின்னர் 1947ஆம் வருஷத்தில் ஸ்விட்சர்லாந்தில் இஸ்லர் என்பவரும் அவர் கூட்டத்தாரும் அதே அயோனோன் வழியாக வைட்டமின் ஏ செய்யும் முறையைக் கண்டனர். மீனெண்ணெயிலிருந்து மட்டும் கிடைத்துவந்த ஒரு சத்தைப் புல்லெண்ணெயிலிருந்து செய்யலாமென்று ஆனபின் கொச்சி எண்ணெய்க்குக் கிராக்கி ஏறியது வியப்பன்று.

ஆனால் அதே ரஸாயன வித்தைதான் பிறகு அவ்வியாபாரத்தின் காலையும் வாரிற்று. சிட்ராலைப் புல்லின் உதவியின்றிப் பைன் மரத் தைலத்திலிருந்தும் கல்லெண்ணெய்ச் சரக்குகளிலிருந்தும் தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொண்டனர். சீன தேசத்தில் லிட்ஸியா என்னும் மரத்தின் காயிலிருந்தும் சிட்ரால் மிகுந்த எண்ணெய் மலிவாக வந்தது. குவாதமாலாவும் போட்டிக்கு நின்றது. மலைநாட்டில் புல்லிருந்த சரிவுகளில் ரப்பர் ஏறியது. விலை ஏறினால் எல்லாரும் நடுவது, விலை இறங்கினால் எல்லாரும் அழிப்பது என்று இப்பயிரின் சரித்திரம் முழுவதுமே ஏற்றமும் இறக்கமுமாக இருந்து வந்திருக்கிறது. மிராசுதார்கள் இதை முக்கியமாய் மனத்தில் வைக்கவேண்டும்.

ஒரு சிறு உதாரணம். 2017ஆம் வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியில் லூத்விக்ஸ்ஹாபன் நகரத்துப் பெரிய சிட்ரால் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. உலகம் முழுவதும் சிட்ரால் தட்டுப்பட்டு விலை ஏறியது. வைட்டமின் ஏயின் விலையும் கூடவே ஏறியது. அதற்கு ஒரு மாதத்துக்குள் நமக்கு ஒக்கிப் புயல். மரம் முறிந்து மனம் முறிந்திருந்த விவசாயியிடம் கொத்து விற்பவர் வந்துசேர்ந்தது இந்தச் சமயத்தில்தான். எனக்குத் தெரிந்த ஒருவர், தோவாளை தாலுகாவின் மலையோரத்தில் இரண்டு ஏக்கர் சரிவு உடையவர், இவ்விதம் வந்த ஒரு வியாபாரியிடம் கொத்து ஒன்றுக்கு ஊர்விலையைப்போல் சில மடங்கு கொடுத்து வாங்கி நட்டார். புல்லை அவரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்பது பேச்சு. பயிர் நன்றாக வந்தது. முதல் அறுப்புக்கு ஆயிற்று. வியாபாரியின் டெலிபோன் மட்டும் எடுபடவில்லை. அவர் என்னைத் தேடி வந்தபோது புல் அறுபது நாள் அதிகம் முற்றி, நுனி காய்ந்து நின்றது. “என்ன ஐயா செய்வது? மாட்டுக்குப் போட்டாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது” என்றார். அந்த வருஷத்துப் புல் முழுவதும் வாழைக்கு மூடாக்காகப் போயிற்று.

ஆகவே, வடிக்க வாலை எங்கே, எண்ணெயை வாங்குபவர் யார் என்பதை முன்னே தீர்மானித்துக்கொள்ளாமல் ஏக்கர் கணக்கில் இப்புல்லை நடவேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். பத்துச் சென்ட், இருபது சென்ட் நட்டுப் பழகுவது வேறு விஷயம்.

நிலமும் நடவும்

நாஞ்சில் நாட்டு விவசாயி என்றால் கன்னிப்பூவும் கும்பப்பூவுந்தான் விவசாயம், மற்றவை தோட்ட வேலை என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நெல் ஏலாக்கள் இப்புல்லுக்கு ஏற்றவை அல்ல. இதை நான் ஏட்டில் படித்ததோடு நிறுத்தியிருந்தால் நன்றாயிருக்கும். பல வருஷங்களுக்கு முன், பழையாற்றுப் பாசனத்துக்கு உட்பட்ட ஒரு வயலின் மேட்டுப் பாகத்தில், சாலையோரம், எல்லாரும் பார்க்கட்டும் என்னும் எண்ணத்தால், ஒரு செய்துகாட்டும் பாத்தி போட்டேன். ஆவணிவரை பச்சைப்பசேலென்று நின்றது. ஐப்பசியில் துலாமழை பிடித்து எட்டு நாள் அடியில் நீர் தங்கியது. கொத்துக்கள் நடுவே மஞ்சளித்து, இழுத்தால் கையோடு வந்தன. எல்லாரும் பார்க்கவேண்டுமென்று போட்டதை எல்லாரும் பார்த்தனர்.

இதற்கு ஏற்றது நீர் தங்காத மண். நமது மலையடிவாரத்துச் செம்பொறை மண், கற்கலந்த சரிவு, பொற்றைகளின் ஓரம், வேறு பயிர் இலாபமாய் வாராத விளைகள் ஆகியவை போதும். வளமான மண்ணில் புல் செழிக்கும் என்பதில் ஐயமில்லை; ஆயினும் வாழைக்கும் தென்னைக்கும் ஆகும் மண்ணை இதற்குக் கொடுப்பது விவேகமன்று. வெயில் முழுவதும் கிடைக்கவேண்டும். நிழலில் வளர்ந்த புல் உயரமாயிருக்கும், எண்ணெய் குறைவாயிருக்கும். புதிதாக நட்ட ரப்பரின் வரிசைகளுக்கிடையே முதல் இரண்டு மூன்று வருஷம் வைக்கலாம். ஆனால் ரப்பர்க் கன்றின் அடியிலிருந்து நான்கடி தள்ளி நடவேண்டும். இது பசியுள்ள புல். பக்கத்திலிருப்பதன் எருவையும் தின்னும்.

நமது ஜில்லாவின் விசேஷ அனுகூலம் இரண்டு மழைக்காலம் பெறுவது. இடவப்பாதியில் தொடங்கும் மழையோடு நட்டால் ஆவணிக்குள் வேர் பிடித்துத் தூர் கட்டிவிடும். ஐப்பசி மழை இரண்டாம் அறுப்புக்கு உதவும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் பக்கம் ஆனியாடிக் காற்று பலமாயும் மழை குறைவாயும் இருக்குமாகையால், அங்குள்ளவர்கள் ஐப்பசி நடவையே கைக்கொள்வது நலம்.

நடவு இரண்டு விதம். விதையால் நடுவதாயின் ஏக்கருக்கு ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ போதுமானது. சித்திரையில் மேட்டுப் பாத்தியில் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளித்துவர, ஒரு வாரத்துக்குள் முளைக்கும். இரண்டு மாத நாற்றைப் பிடுங்கி நடலாம். விதை புதியதாயிருக்கவேண்டியது அவசியம். ஆறு மாதத்துக்குமேல் வைத்த விதை முளைக்கும் சக்தியை மிகவும் இழந்துவிடும். விதை நாற்றில் வேறொரு குறையும் உண்டு. இப்புல் அயல் மகரந்தச் சேர்க்கை உடையதாதலால் பிள்ளைகள் தாயைப் போலிரா. ஒரே பாத்தியில் எண்ணெய் மிகுந்ததும் குறைந்ததும் கலந்து நிற்கும். கொத்துப் பிரித்து நடுவதில் இச்சங்கடம் இல்லை. நல்ல தூரைத் தோண்டியெடுத்து, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, பழைய வேரைக் கழித்து, ஒன்றிரண்டு கிளைகளாகப் பிரித்துக் குழிக்கு ஒன்றாக நடவேண்டும். ஆழமாய் நட்டால் மழையில் அழுகும். விரல் நீளம் புதைந்தால் போதும். இரண்டடிக்கு இரண்டடி வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 10,900 கொத்துக்கள் பிடிக்கும். இரண்டடிக்கு ஒன்றரையடி என்றால் 14,500. சரிவில் மட்டும் இந்தக் கணக்கைவிட, சமமட்டக் கோட்டின்மேல் குறுக்குவரிசையாக நெருக்கி நடுவது முக்கியம். வரிசைக்கு வரிசை எவ்வளவு விட்டாலும் ஒரே வரிசையில் கொத்துக்கு நடுவே ஓரடிக்குமேல் விடலாகாது. இரண்டு வருஷத்தில் அவ்வரிசை உயிர்வரப்பாக நின்று மண்ணைத் தேக்கும். புயலில் மரம் இழந்த சரிவுகளுக்கு இதற்காகவே, எண்ணெய் வடிக்கும் எண்ணம் இல்லாதவர்க்குங்கூட, இப்புல்லைச் சிபார்சு செய்வேன்.

எருவைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. நடுவதற்குமுன் ஏக்கருக்கு 4 டன் மக்கிய தொழுவெரு. பின்னர் வருஷத்துக்கு 40 கிலோ தழைச்சத்தை ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் பங்கிட்டு இடுதல். மற்றச் சத்துக்கள் மண் பரிசோதனைப்படி. வடித்து முடிந்த சக்கையை மக்கவைத்தும், வாலையடுப்பின் சாம்பலையும் அதே நிலத்துக்குத் திருப்பினால் எருச் செலவில் பெரும்பாகம் மிச்சமாகும். முதல் மூன்று மாதம் களை எடுக்கவேண்டும்; பிறகு புல்லே களையை அடக்கும்.

மலைநாட்டார் கோடையில் காய்ந்த தூர்களுக்குத் தீ வைத்து, புதுமழையில் துளிர்க்கச் செய்வது பழைய வழக்கம். துளிர் நன்றாக வரும் என்பது வாஸ்தவமே. ஆனால் நமது மலையோர விளைகள் ரிசர்வ் காட்டை ஒட்டியவை. ஒரு பொறி எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதைக் கிராம அதிகாரிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தீ வைக்காமல் அரிவாளால் தரையோடு ஒட்டி அறுத்துச் சக்கையைப் பரப்பினால் போதுமானது.

அறுப்பும் வாலையும்

நட்ட 75ஆம் நாளிலிருந்து 90ஆம் நாளுக்குள் முதல் அறுப்பு. ஆறு விரற்கடை தாள் விட்டு அறுக்கவேண்டும். பிறகு இரண்டு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழையையும் எருவையும் பொறுத்து, முதல் வருஷம் மூன்று அறுப்பும் பின் வருஷங்களில் நான்கு ஐந்தும் கிடைக்கும். ஐந்தாறு வருஷத்துக்குப் பின் தூர் உயர்ந்து நடு வெறுமையாகிவிடும். அப்போது பிடுங்கிப் புதிதாக நடவேண்டும். பூக்க விட்டால் எண்ணெய் குறையும். விதைக்கென்று நாலைந்து தூர்களை மட்டும் அறுக்காமல் விட்டால் போதும். அறுப்பவர் கைக்கும் காலுக்கும் துணி சுற்றிக்கொள்ளவேண்டும். இலையின் ஓரம் கத்திக்கு ஒப்பானது. இப்புல்லிருக்கும் இடத்தில் பாம்பு அண்டாது என்பது ஊர்ப்பேச்சு. அடர்ந்த தூரின் அடியில் நானே பாம்பைக் கண்டிருக்கிறேன். கோலால் தட்டிவிட்டுக் கை வைப்பதே நல்லது.

அறுத்த புல்லை நிழலில் ஒருநாள் வாடவிட்டால் கனம் குறையும். வாலையில் அதிகம் கொள்ளும். எண்ணெய் அவ்வளவாய்க் குறையாது. குவித்து வைத்துச் சூடேற விடலாகாது. பழைய வாலையில் புல்லையும் நீரையும் ஒரே செம்புப் பாத்திரத்தில் இட்டு அடியில் நேரே விறகெரிப்பர். அடி தீய்ந்தால் எண்ணெயில் கருகல் வாடை ஏறும். விறகும் மிகுதியாகச் செல்லும். இப்பொழுது தனிக் கொதிகலத்தில் நீராவி உண்டாக்கிப் புல்லின் ஊடே செலுத்தும் துருப்பிடியாத எஃகு வாலைகள் வந்துவிட்டன. புல்லை இடைவெளியில்லாமல் மிதித்து நிரப்புவதில்தான் வேலைக்காரன் கெட்டித்தனம் இருக்கிறது. எங்காவது சந்து இருந்தால் நீராவி அவ்வழியே ஓடிவிடும். மற்றப் புல் வேகாது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் எண்ணெய் முழுதும் இறங்கும். குளிர்ந்து வரும் நீரின்மேல் எண்ணெய் மிதக்கும். வடித்தெடுத்து, நீர் சிறிதும் இல்லாமல் தெளியவிட்டு, வெளிச்சம் படாத பாத்திரத்தில் கழுத்துமட்டும் நிரப்பி மூடவேண்டும். இரும்புத் தகரத்தில் வைத்தால் நிறம் கெடும். காற்றும் வெளிச்சமும் பட்டால் சிட்ரால் குறையும்.

கணக்கு இது: ஒரு டன் பச்சைப் புல்லுக்கு எண்ணெய் இரண்டு முதல் நான்கு கிலோ. ஏக்கருக்கு வருஷத்துக்கு 8 முதல் 12 டன் புல் வருமாயின், எண்ணெய் 25 முதல் 40 கிலோ. இந்த அளவுக்காக ஒருவர் தனியே வாலை வைத்தல் கட்டாது. பத்துப் பன்னிரண்டு ஏக்கர் உள்ள பலர் கூடி ஒரு வாலைக்குப் புல் கொடுப்பதே வழி. வாலை புல்லிருக்கும் இடத்துக்கு அண்மையில் இருக்கவேண்டும், ஏனெனில் டன் கணக்கில் புல்லைச் சுமந்து கிலோக் கணக்கில் எண்ணெய் எடுப்பதில் வண்டிக்கூலியே லாபத்தை விழுங்கிவிடும். ஜார்கண்டில் மாதர் சுயஉதவிக் குழுக்கள் இவ்விதம் கூடிச் செய்து வருகின்றன. லக்னோவிலுள்ள மத்திய மருந்துச்செடி, வாசனைச்செடி ஆராய்ச்சிசாலை வெளியிட்ட கிருஷ்ணா, காவேரி, பிரகதி முதலிய இனங்கள் இப்பொழுது பல மாநிலங்களில் பரவியுள்ளன.

எண்ணெயில் கலப்படம் செய்வது பழைய நோய். தேங்காயெண்ணெய் கலந்ததை அறியக் காகிதத்தில் ஒரு துளி விட்டு வெயிலில் வைக்கவேண்டும். சுத்தமான புல்லெண்ணெய் ஆவியாகிப் பெரும்பாலும் கறையின்றிப் போகும். கலப்பெண்ணெய் பிசுக்கை விட்டுச்செல்லும். மண்ணெண்ணெய் கலந்ததை வியாபாரிகள் சாராயத்தில் கரைத்துப் பார்ப்பர். நமது மலைப்புல்லின் புதிய எண்ணெய் 100க்கு 70 பங்குச் சாராயத்தில் தெளிவாகக் கரையும், கலந்தது கலங்கும். கிணற்றடிப் புல்லின் எண்ணெயும் இதில் சரியாகக் கரையாது. எண்ணெய்க்கு அது விலைபோகாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கைமருந்து

இனி மருந்து விஷயம். நமது ஊரில் சளிக்காய்ச்சலுக்கு மூன்று நான்கு இலைகளைக் கழுவி முடிச்சாகக் கட்டி, சுக்கு, நல்லமிளகு, துளசி சேர்த்துக் கருப்பட்டிக் காப்பியோடு கொதிக்கவைத்துக் குடிப்பது வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். அஜீரணத்துக்கும் வயிற்று உப்புசத்துக்கும் இலைக் கஷாயம். மேல்வலிக்கு இலை போட்டுக் காய்ச்சிய நீரில் குளிப்பு. மூக்கடைப்புக்கு ஆவி பிடித்தல். இவற்றால் உடம்புக்கு இதம் உண்டு, வியர்வை காணும், வாயு பிரியும். ஒரு டம்ளர் நீருக்கு இரண்டு மூன்று இலை, நாளைக்கு இரண்டு வேளை என்பது தக்க அளவு. இலையைக் கொதிநீரில் இட்டு மூடிப் பத்து நிமிஷம் வைத்தாலே சாரம் இறங்கும். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் மணமும் குணமும் அடுக்களைக்குப் போய்விடும்.

தூக்கம் வருவதற்கு இது உதவும் என்று பிரேசில் தேசத்தார் வெகுகாலமாய்க் குடித்து வந்தனர். அந்நாட்டு ஆராய்ச்சியாளர் மனிதருக்குக் கொடுத்துச் சோதித்து 1986ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். தூக்கத்துக்கோ மனக்கலக்கத்துக்கோ இதனால் விசேஷ குணம் காணப்படவில்லை. ஆனால் கெடுதியும் காணப்படவில்லை. இலைத் தேநீரைப் பயமின்றிக் குடிக்கலாம் என்பதற்கு இதை ஆதாரமாகக் கொள்ளலாம். மருந்து என்று பெரிதாய் நம்புவதற்குக் கொள்ள முடியாது. எண்ணெயானது பூஞ்சணத்தையும் சிலவகைக் கிருமிகளையும் கண்ணாடிக் குழாயில் கொல்லும் என்பது பலமுறை ருசுவானது. மனித தேகத்துக்குள் அதே வேலையைச் செய்யும் என்று அதனால் ஏற்படாது.

எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. மேலுக்குப் பூசுவதாயினும் தனியாகப் பூசினால் தோல் எரிந்து தடிக்கும். 30 மில்லி தேங்காயெண்ணெய்க்கு 4 துளிக்குமேல் சேர்க்கலாகாது. கண்ணருகிலும் கைக்குழந்தைகளின் உடம்பிலும் அதுவும் வேண்டாம். கர்ப்பஸ்திரீகள் கஷாயத்தை மருந்தாகக் குடிக்குமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. சில வருஷங்களுக்கு முன் கும்பப்பூ நடவு முடிந்த சமயம், எங்கள் தெருவில் ஏர்வேலை செய்பவர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. முதல்நாள் என்னிடமே வந்து என் வீட்டுப் பாத்தியிலிருந்து இஞ்சிப்புல் பறித்துப் போனார். குடித்ததும் வியர்த்தது, தேறிவிட்டது என்று நினைத்தார். மறுநாளும் வந்தார், மூன்றாம் நாளும் அவர் மகன் வந்து பறித்துப் போனான். கெண்டைக்கால் வலியென்றும் கண் சிவந்திருக்கிறதென்றும் அவன் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொண்டேன், கருத்தில் வாங்கவில்லை. ஐந்தாம் நாள் கண் மஞ்சளித்து, நீர் பிரியாமல், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். அது எலிக்காய்ச்சல். வயல்நீரில் காலிலுள்ள சிராய்ப்பு வழியாக ஏறுவது. ஆரம்பத்தில் கண்டுகொண்டால் மலிவான மாத்திரையில் தீர்வது. பல நாள் கிடந்து உயிர் பிழைத்தார். என் பாத்தியிலிருந்துதானே மூன்று நாள் போயிற்று என்னும் எண்ணம் எனக்கு இன்னும் விட்டபாடில்லை.

அதுமுதல் புல் கேட்டு வருபவரிடம் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டுவிட்டே கொடுக்கிறேன். இரண்டு நாளில் விடாத காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, உடம்பில் செம்புள்ளி, வாந்தி, நீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் கஷாயத்தை நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் நமது ஜில்லாவுக்குப் புதியன அல்ல. கிராம அதிகாரிகள், முக்கியமாக நடவுகாலத்தில், இதை வயல்வேலைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வது பெரிய உபகாரமாகும்.

கொத்து வேண்டுவோர் முன்பின் அறியாத வியாபாரிகளிடம் வாங்காமல், அரசாங்கப் பண்ணைகளிலோ, ஏற்கெனவே நட்டுப் பலன் கண்ட அயல் விவசாயியிடமோ, இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து வாங்குதல் நலம். வைகாசி முதல் வாரத்துக்குள் சொல்லிவைத்தால் இடவப்பாதி மழைக்குக் கொத்துப் பிரித்துக் கொடுக்கச் சௌகரியமாயிருக்கும். எடுத்துச் செல்ல வருபவர் நனைத்த சாக்கு கொண்டுவரவேண்டும். வெறும் கூடையில் வைத்து வெயிலில் பஸ் ஏறினால் பாதிக் கொத்து வழியிலேயே வாடிவிடும். பிரித்த கொத்தை இரண்டு நாளுக்குள் நட்டுவிடவேண்டும்.